இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி, எந்தக் காம்பாக்ட் எஸ்யூவி?

கேள்வி: எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன். அடுத்த குழந்தை இன்னும் சில மாதங்களில் பிறந்துவிடும். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. தினமும் நகர நெரிசலில் சின்னச் சின்ன ஓட்டம், மாதம் ஒரு முறை நெடுஞ்சாலையில் நீண்ட பயணம். டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி, மாஸ்டா சிஎக்ஸ்-5, ஹூண்டாய் டூசான் நான்கையும் பார்த்துவிட்டோம். கணவருக்கு டர்போ இன்ஜினும் ஆல்-வீல் டிரைவும் வேண்டும். எனக்குப் பெரிய டிக்கி வேண்டும். எதை எடுப்பது?

பதில்: நான்குமே நல்ல வண்டிகள். ஆனால் உங்கள் கேள்வியில் இன்ஜின் இருக்கிறது, டிக்கி இருக்கிறது, பின் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஐந்து பேரில் மூன்று பேர் உட்காரப்போவது அங்கேதான். உங்கள் தேர்வை முடிவு செய்ய வேண்டியதும் அந்தச் சீட்தான்.

பிறந்த குழந்தைக்கு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி வைக்கும் சைல்ட் சீட் தேவை. ஐ-சைஸ் என்ற ஐரோப்பியச் சைல்ட் சீட் விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை அப்படித்தான் உட்கார வேண்டும். அதற்கு மேலும் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் அப்படியே வைத்திருப்பது நல்லது. இந்தச் சீட் சாய்ந்து நிற்பதால் முன் சீட்டை முன்னால் தள்ள வேண்டி வரும். உயரமான ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் அவருடைய முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். வீல்பேஸ் அளவை, அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. முந்தைய தலைமுறை சிஎக்ஸ்-5-க்கும் இப்போதைய சிஆர்-விக்கும் வீல்பேஸ் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 2,700 மி.மீ. ஆனாலும் பின் சீட்டில் கால் நீட்டும் இடம் சிஆர்-வியில் தெளிவாக அதிகம். டூசானில் இன்னொரு விஷயம்: அது 2,680, 2,755 மி.மீ. என இரண்டு வீல்பேஸ்களில் நாட்டுக்கு நாடு மாறி வருகிறது. எங்கோ எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்து இடம் தாராளம் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது அகலம். பையனுடைய சீட் ஒரு பக்கம், கைக்குழந்தையின் சீட் மறுபக்கம் என்றால் நடுவில் யார்? இந்த வகை வண்டிகளில் நடு இருக்கை குறுகலாக, மேடாக, கடினமாகத்தான் இருக்கும். பல நேரம் அதன் பெல்ட் பக்கிள் பக்கத்துச் சைல்ட் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கை நுழையவில்லை என்றால் அந்த இடத்தில் பெரியவர் உட்காரவே முடியாது என்று அர்த்தம். முழங்கால் வலி உள்ளவரை அங்கே உட்கார வைக்கவே கூடாது. மாமியார் முன்னால், நீங்கள் நடுவில் என்பதுதான் நடக்கப்போகிறது. ஆகவே அந்த நடு இருக்கையில் நீங்களே கால் மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சைல்ட் சீட்களையும் ஷோரூமுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டுப் பாருங்கள். விற்பனையாளர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கைக்குழந்தையை முன் சீட்டில் வைத்துவிடலாமே என்று மட்டும் யோசிக்க வேண்டாம். ஏர்பேக் இயங்கும் இருக்கையில் பின்னோக்கிய சைல்ட் சீட்டை வைப்பது உயிருக்கே ஆபத்து.

ஏழு சீட் வகையை எடுத்தால் தீருமா என்று கேட்பீர்கள். இந்த அளவு வண்டிகளில் மூன்றாம் வரிசை சிறுவர்கள் கொஞ்ச தூரம் போகத்தான் சரி. அதை விரித்தால் டிக்கி காலி.

மாமியார் விஷயத்தில் எஸ்யூவி என்ற உங்கள் முடிவே சரியானது. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்வான கார் எழும்போது வேதனை, மிக உயர்ந்த வண்டி ஏறும்போது வேதனை. இருக்கையின் விளிம்பு அவர் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். கதவுக்குக் கீழே உள்ள படி அகலமாக இருந்தால் கால் எட்டாமல் தடுமாறுவார், அதையும் கவனியுங்கள். கதவு எவ்வளவு விரிகிறது என்பதும் பெரிய விஷயம். சிஆர்-வியின் பின் கதவு ஏறக்குறைய 90 டிகிரி திறக்கும். குழந்தையைத் தூக்கிச் சீட்டில் வைத்து பெல்ட் போடும்போது இதன் அருமை தெரியும். இடுக்கான பார்க்கிங்கில் அவ்வளவு திறக்க இடம் இருக்காது என்பது உண்மைதான், ஆனாலும் திறக்க முடிகிற இடத்தில் முதுகு பிழைக்கும்.

டிக்கி பற்றி: லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். ஒரு முறையில் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுகிறார்கள். அதிலும் சிலர் மூடி வரை, சிலர் கூரை வரை கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் கன அடியில், வேறு முறையில் அளப்பார்கள். 580-ஐயும் 700-ஐயும் ஒப்பிடும்போது ஒன்று மூடி வரை, மற்றொன்று கூரை வரை அளந்ததாக இருக்கலாம். உங்கள் குழந்தை வண்டியை மடித்து உள்ளே வையுங்கள், அதன் பக்கத்தில் ஒரு பெட்டியையும் வையுங்கள். அதுதான் உங்களுக்கான அளவு.

இப்போது உங்கள் கணவருக்கு. சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் நெடுஞ்சாலையில் சந்தோஷம் தரும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தினசரி ஓட்டத்தில் இன்ஜின் சூடேறுவதற்குள் இறங்கிவிடுவீர்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜின்களில் இப்படிக் குளிர்ந்த நிலையிலேயே ஓட்டினால் ஆயிலில் பெட்ரோல் கலப்பது அதிகமாகும், ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும். நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட்தான் என் சிபாரிசு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அது பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது, மெதுவாக நகரும்போது மோட்டாரே இழுக்கிறது. நெடுஞ்சாலையில் இந்த லாபம் சுருங்கிவிடும், ஆனால் நீங்கள் அங்கே போவது மாதம் ஒரு முறைதானே. சிஆர்-வி ஹைப்ரிட்டில் நகர வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் மோட்டார்தான், இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும். புதிய ராவ்4 ஹைப்ரிட்டாகவும் பிளக்-இன் ஹைப்ரிட்டாகவும் (வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடியது) மட்டுமே வருகிறது. டூசான் ஹைப்ரிட்டில் 1.6 லிட்டர் டர்போவும் 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு, கணவரைச் சமாதானப்படுத்த வழி வேண்டும் என்றால் அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆல்-வீல் டிரைவ் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. பனியிலோ சேற்றிலோ அடிக்கடி ஓட்டாதவர்களுக்கு அதன் எடையும் எரிபொருள் செலவும் மட்டுமே மிஞ்சும். அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள். அப்புறம், 19, 20 அங்குலச் சக்கரங்கள் உள்ள உயர் ரகத்தைத் தவிர்க்கலாம். டயரின் பக்கச்சுவர் மெலிவதால் ஒவ்வொரு குழியும் தூங்கும் குழந்தையை எழுப்பும், டயர் விலையும் கூடும். 17 அல்லது 18 போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் மோதல் சோதனையில் கிடைத்த நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் அது எந்த ஆண்டில் கிடைத்தது என்றும் பாருங்கள், சோதனை முறை கடுமையாகிக்கொண்டே வருகிறது. இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் வண்டிகளை மோதிச் சோதிக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு (IIHS) 2022-ல் தன் முன்புற மோதல் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னாலும் ஒரு பொம்மையை உட்கார வைத்தது. சிறிய உடல்வாகுள்ள பெண் அல்லது 12 வயதுக் குழந்தை அளவு. முதலில் சோதித்த 15 சிறிய எஸ்யூவிகளில் 2-க்குத்தான் 'நல்லது' என்ற தரம் கிடைத்தது. உங்கள் பட்டியலில் உள்ள எதுவும் அந்த இரண்டில் இல்லை. முன் சீட்டின் பாதுகாப்பு ஆண்டுகளாக மேம்பட்டபோது பின் சீட் அதே வேகத்தில் மேம்படவில்லை என்பதுதான் காரணம். அதற்காகக் குழந்தைகளை முன்னால் கொண்டுவரக் கூடாது, அவர்களுக்கு இன்றும் பின் சீட்தான் பாதுகாப்பு. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: பின் சீட் பெல்ட்டில் மோதலின்போது உடனே இறுக்கும் பிரிடென்ஷனரும், மார்பில் அழுத்தம் மிகாமல் தளர்த்தும் லோட் லிமிட்டரும் உள்ளனவா? இதற்குப் பதில் தெரியாத விற்பனையாளர் விவரம் கேட்டுச் சொல்லும் வரை காத்திருங்கள்.

ஆக, என் வரிசை: முன் சக்கர இயக்கமுள்ள சிஆர்-வி ஹைப்ரிட் முதலில், ராவ்4 ஹைப்ரிட் அடுத்து, நீளமான வீல்பேஸ் கிடைத்தால் டூசான் ஹைப்ரிட். ஓட்டுவதற்கு இனிமை என்றால் எனக்கு சிஎக்ஸ்-5தான் பிடிக்கும். ஆனால் பழைய தலைமுறையின் பின் சீட் உங்களுக்குப் போதாது. 2025-ல் வெளியிட்ட புதிய தலைமுறையை 115 மி.மீ. நீட்டியிருக்கிறார்கள், அது உங்கள் ஊரில் வந்திருந்தால் பட்டியலில் இருக்கட்டும். நடு இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து பார்த்த பிறகு இந்த வரிசை மாறினால் உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள், என்னை அல்ல.

ஆர்டர் கொடுக்கும் முன் டிக்கியின் தளத்தைத் தூக்கிப் பாருங்கள். சில ஹைப்ரிட் வண்டிகளில் ஸ்பேர் வீல் இருக்காது, பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தான் இருக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. இரண்டு சின்னக் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிற உங்களுக்கு ஸ்பேர் வீல் அவசியம், தனியாக வாங்க வேண்டி வந்தால் அதற்கு டிக்கியில் எவ்வளவு இடம் போகும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.