கழுத்து இழுத்தது பேயினாலா, குளிசையினாலா?
உளநலம்: வாசகர் கேள்வி - வைத்தியர் பதில்

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. ஆளில்லாத இடத்தில் குரல்கள் கேட்பதாகச் சொன்னதால் வைத்தியரிடம் காட்டினோம். ஹலோபெரிடோல் குளிசை தந்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவனுடைய கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண்கள் மேலே செருகிவிட்டன, வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. அயலவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டுபோனார்கள். விடியும்போது சரியாகிவிட்டது. இப்போது அம்மா குளிசை கொடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, உங்கள் தம்பிக்கு வந்தது பேயுமல்ல, வலிப்புமல்ல. ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுப்பதன் மூலமே குரல்களை அடக்குகின்றன. அதே டோபமின்தான் தசைகளின் அசைவையும் ஒழுங்குபடுத்துகிறது என்பதால், சிலருக்குக் கழுத்து, கண், தாடை, நாக்கு ஆகியவற்றின் தசைகள் திடீரென்று இறுகி இழுத்துக்கொள்கின்றன. இதை வைத்தியத்தில் டிஸ்டோனியா என்கிறோம். மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் சில நாட்களுக்குள், அதிலும் இளம் ஆண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. தம்பியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: அந்த இரவில் யார் என்ன பேசினார்கள், யார் அழுதார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். உடம்பு இழுக்கும்போது அறிவு தெளிவாக இருப்பதால், சுற்றி நிற்பவர்கள் பேயென்று பேசுவதையும் கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை பயந்து கிடந்திருப்பார்.

மந்திரித்த பின் சரியானதற்குக் காரணம், உடலில் மருந்தின் அளவு மெல்ல இறங்கியதுதான். ஆனால் விடியும்வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இதற்கென்று ஓர் ஊசி போடுவார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் கழுத்து நேராகிவிடும். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதையோ ஓதிப் பார்ப்பதையோ நான் குறை சொல்லவில்லை. அது வைத்தியசாலைக்குப் போய்வந்த பிறகு நடக்கட்டும். ஏனெனில் இதே இறுக்கம் தொண்டைக்கு இறங்கி, மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ விழுங்க முடியாமற் போனாலோ அது உயிர் போகும் விடயம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் குளிசையை முற்றாக நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பது, குரல்கள் மறுபடியும் வர வழி திறந்து விடுவதாகும். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். நடந்ததை இங்கே எழுதியதுபோலவே சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், இந்த இழுப்பைத் தடுக்கும் பென்செக்சோல் குளிசையைச் சேர்க்கலாம், இந்தத் தொல்லை குறைவான வேறு மருந்துக்கு மாற்றலாம். அம்மாவையும் கூட்டிப்போனால் நல்லது.

வேறு இரண்டு விடயங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். தம்பி ஓரிடத்தில் இருக்க முடியாமல், கால்களை ஓயாமல் அசைத்துக்கொண்டு, முற்றத்தில் நடந்தபடியே இருந்தால், ‘நோய் கூடிவிட்டது’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அதுவும் மருந்தின் விளைவாக இருக்கலாம். நோய் கூடியதாக நினைத்து மருந்தின் அளவைக் கூட்டினால் அந்த அவதியும் கூடிவிடும். அது தாங்க முடியாததாகி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரலாம். அப்படி ஏதேனும் சொன்னால் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்திலும் பேசலாம்.

மற்றையது அரிது, ஆனால் மிக ஆபத்தானது: கடுங்காய்ச்சல், உடல் கட்டையாக விறைத்துப் போதல், வியர்த்துக் கொட்டுதல், ஆளை அடையாளம் தெரியாத தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து வருவது. மட்டக்களப்பில் மாரி காலத்தில் காய்ச்சல் என்றவுடன் டெங்குவைத்தான் நினைப்போம். டெங்குவில் உடம்பு நோகும், இப்படி விறைக்காது. அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், என்ன மனநோய் மருந்து எடுக்கிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு அதை மறைத்தால், சிகிச்சை தவறான திசையில் போய்விடும்.

கேள்வி: என் கணவர் பல வருடங்களாக, மனநிலையைச் சீராக வைக்கும் லிதியம் குளிசை எடுக்கிறார், சுகமாக இருந்தார். வயல் வட்டையில் வெட்டு வேலை முடித்து வந்து முழங்கால் வலிக்குப் பாமசியில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டார். சில நாளில் கை நடுங்கி, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, வயிற்றோட்டமும் இருக்கிறது. வெயில் பட்டதால்தானா?
- வாசகி, திருக்கோவில்

பதில்: இந்தப் பதில் அச்சில் வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், உங்களுக்குத் தனியாகவும் அறிவித்திருக்கிறோம். வெயிலுக்கும் இதில் பங்குண்டு. லிதியம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. வியர்வையிலும் வயிற்றோட்டத்திலும் உடல் நீரையும் உப்பையும் இழக்கும்போது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பதுபோல லிதியத்தையும் பிடித்து வைத்துவிடுகிறது. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகளும் அதையே செய்கின்றன. இரத்தத்தில் லிதியம் பொதுவாக லீற்றருக்கு 0.4 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் பெரும்பாலும் நச்சு அறிகுறிகள் தென்படும், வயதானவர்களுக்கு அதற்கு முன்பே வரலாம்.

லிதியம் எடுப்பவர்களுக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருப்பது சாதாரணம். கோப்பை தளும்பும் அளவுக்கு நடுங்குவது, வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குழறல், தூங்கி விழுதல் ஆகியவை சாதாரணமல்ல. அடுத்த குளிசையையும் வலிக் குளிசையையும் நிறுத்திவைத்து, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தில் லிதியத்தின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இனிமேல் வலிக்குப் பரசிற்றமோல் போதும். இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகளும் லிதியத்தைக் கூட்டும் என்பதால், எந்தப் பாமசியில் எதை வாங்கினாலும் லிதியம் எடுப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். வட்டைக்குப் போகும்போது தண்ணீர் போத்தல் கட்டாயம். உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது.

கேள்வி: மகன் மனநோய்க்கான குளோசபின் குளிசை எடுக்கத் தொடங்கி இரண்டு மாதம். வாராவாரம் இரத்தம் எடுப்பது அவனுக்குச் சலித்துவிட்டது. நிறுத்தலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். இந்த மருந்து சிலருக்கு வெள்ளை இரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அந்த ஆபத்து முதல் மாதங்களில் அதிகம் என்பதால்தான் முதல் 18 வாரங்களுக்கு வாராந்தப் பரிசோதனை. தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால், பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே இரத்தம் பரிசோதிக்க வேண்டும். இன்னொன்றை வீட்டில் யாரும் கேட்பதில்லை: மலம் ஒழுங்காகப் போகிறதா? குளோசபினால் குடல் அசைவு மந்தமாகி, அடைத்து, உயிராபத்து வரை போகலாம். மூன்று நாள் மலம் போகாமல் வயிறு ஊதி நோவெடுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வளர்ந்த மகனிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருந்தால், கிளினிக் தாதியிடம் சொல்லி ஒவ்வொரு முறையும் அவரையே கேட்க வையுங்கள்.