ரிமோட்டைத் தராத மாமனார்

வாசகர் கேள்வி – பதில்

கே: எங்கள் மாமனாருக்கு ‘காதலிக்க நேரமில்லை’ என்றால் உயிர். எந்தச் சேனலில் போட்டாலும் ரிமோட்டை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கதை தெரியும், அடுத்த வசனத்தை நடிகருக்கு முன்னால் இவரே சொல்லிவிடுகிறார். அப்புறம் பார்க்க என்னதான் மிச்சம் இருக்கிறது?
– ஒரு வாசகி, தாராபுரம்

ப: உங்கள் மாமனார் மீது எனக்கு இப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டதம்மா. நானும் அந்தக் கட்சிதான். எத்தனை தடவை என்று நான் எண்ணியதில்லை. என் மனைவி நாற்பதைத் தாண்டிவிட்டது என்கிறாள். அந்தக் கணக்கில் கொஞ்சம் கோபமும் சேர்ந்திருக்கும்.

படம் வந்தது 1964-இல். நான் முதலில் பார்த்தது ஏழெட்டு வருஷம் கழித்து, எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில், தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி மேட்டைக் கலைத்துவிடுவார். அன்று நான் பார்த்தது நாகேஷை மட்டும்தான். சினிமா எடுக்கப் பணம் வேண்டும் என்று பணக்கார அப்பாவை நச்சரிக்கும் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா, அந்த அப்பாவுக்கே ஒரு திகில் கதை சொல்லுவார். கதைக்கு வேண்டிய சத்தம் எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது, கடலை வேறு வாயில்.

மறுபடி அதே படம் வந்தபோது அப்பாவோடு போனேன். அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. முதலாளி பேசுவார், அப்பா நின்று கேட்பார்; முப்பது வருஷ உத்தியோகமே அதுதான். கதை சொல்லும் காட்சி தொடங்கியதும் என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்: “பேசறவனைப் பாக்காதடா. கேக்கறவரைப் பாரு.”

பார்த்தேன். அப்பாவாக நடித்த பாலையா. வசனம் அதிகம் கிடையாது. மகன் உளறுகிறான் என்ற அலட்சியத்தோடுதான் உட்கார்ந்திருப்பார். மெதுவாக அந்தப் பெரிய முகத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். முதலில் அலட்சியம் போகும், பிறகு அதட்டல் போகும், கடைசியில் இருட்டுக்குப் பயப்படுகிற சின்னப் பையன் ஒருவன் மிஞ்சுவான். எஸ்டேட் முதலாளி, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்! நாகேஷ் இறைத்ததையெல்லாம் ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக்கொள்கிற பாத்திரம் அந்த முகம். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி வெகுகாலம் வில்லனாகவே பார்த்த ஆளை இப்படிப் பார்ப்பது வேறு ஒரு சுகம்.

இன்னொன்று சொல்கிறேன். எஸ்டேட்டில் வேலை போன அசோக் (ரவிச்சந்திரனுக்கு அது முதல் படம்) முதலாளி பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டுவிடுவான். முதலாளி மகளைக் கட்டுவதற்காக, தான் ஒரு கோடீஸ்வரன் மகன் என்று அளந்துவிட்டு, நண்பன் வாசுவைக் கிழவர் வேஷம் கட்டிக் கூட்டிவருவான். அந்தக் கிழவர் முத்துராமன். பணக்காரச் சம்பந்தி கிடைத்துவிட்ட பூரிப்பில் பாலையா கேட்பார்: “அசோகர் உங்க மகருங்களா?”

அவ்வளவுதான் வசனம். ஆனால் நேற்று வரைக்கும் அசோக் வெறும் ‘அவன்’. இன்று பெயருக்கு ஒரு ‘ர்’. அது போதாது என்று மகன் என்ற சொல்லுக்கும் ஒரு ‘ர்’! தமிழில் ‘மகர்’ என்று யார் எப்போது சொன்னார்கள்? காசைக் கண்டதும் இலக்கணமே எழுந்து நின்று கும்பிடு போடுகிறது. சொல்லும்போது அந்தக் குரல் வெண்ணெய் மாதிரி இளகுவதையும் கேளுங்கள். ஆளை அவமானப்படுத்தாமல், திட்டாமல், ஒரு மெய்யெழுத்தை வைத்தே மனிதரின் ஆசையைக் காட்டிவிடுகிறார்கள்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தவன். பி.யு.சி. முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். அப்போது அப்பா வாயில் நான் “அவன் எங்க ஊர் சுத்தறான்?” அரசாங்க வேலைக்கு உத்தரவு தபாலில் வந்த அன்று மத்தியானம் அடுக்களைப் பக்கம் பார்த்து, “சார் சாப்ட்டாரா?” என்றார். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்தாமல் சொன்னாள்: “அசோகர் இப்பத்தான் சாப்ட்டாருப்பா.” அப்பாவே சிரித்துவிட்டார். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் யாராவது காசுக்குக் குழைந்தால் ‘அசோகர்’ என்று ஒரு வார்த்தை போதும். ஒருமுறை கல்யாணப் பேச்சு நடந்த கூடத்திலேயே அதைச் சொல்லித் தொலைத்தேன். பிள்ளை வீட்டாரும் படம் பார்த்தவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சம்பந்தம் முடிந்தது, அது வேறு கதை.

ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரை மட்டும் பாருங்கள். முத்துராமன் வேஷத்தில் இருக்கும்போது இன்னும் ருசி. அவர் காதலிக்கும் காஞ்சனாவுக்கும் இதே பாலையாதான் அப்பா. எதிரில் உட்கார்ந்து கால்மேல் கால் போடுகிற ‘கிழவருக்கு’ உள்ளே என்ன ஓடும்?

கே: அழவைக்கிற படங்கள் எடுத்த ஸ்ரீதரா இதை எடுத்தார்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: அவரேதான். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரையே கைக்குட்டையோடு அனுப்பியவர். செங்கல்பட்டில் கூடப் படித்த சிநேகிதர் சித்ராலயா கோபு பக்கத்தில் இருந்தார். நகைச்சுவை அவர் கை. ஆனால் அழுகைப் படத்தில் பழகிய கைக்கு ஒரு லாபம் உண்டு: எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

கே: பழைய படம் என்றால் குறையே சொல்லமாட்டீர்களோ?
– ஒரு வாசகி, சென்னை

ப: சொல்லுவேன். பெண்களை மறித்துப் பாட்டுப் பாடிக் கேலி செய்வதை என் மகள் கல்லூரியில் படிக்கும்போது பார்த்துவிட்டு, “அப்பா, இதுக்குப் பேர் ஈவ் டீசிங்” என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. விஸ்வநாதன் – ராமமூர்த்தி மெட்டும் கண்ணதாசன் வரியும் அந்த இடத்தை மறைத்துவிடுகின்றன, அவ்வளவுதான். ராஜஸ்ரீ, காஞ்சனா இருவருக்கும் சிரிக்கவைக்கிற வேலையே கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. பெண்களில் அதைச் செய்தவர் சச்சு ஒருவர்தான். ஓஹோ புரொடக்‌ஷன்ஸின் கதாநாயகி!

கே: இந்தியில் எடுத்ததைப் பார்த்திருக்கிறீர்களா?
– ஒரு வாசகர், ஓசூர்

ப: பார்த்தேன். தெலுங்கில் 1965-இல் ‘பிரேமிஞ்சி சூடு’, இந்தியில் 1966-இல் ‘பியார் கியே ஜா’. இந்தியை ஸ்ரீதரே இயக்கினார். சசி கபூர், கிஷோர் குமார் எல்லாம் உண்டு. மெஹ்மூத் கதை சொல்ல ஓம் பிரகாஷ் கேட்கிறார், இருவருமே பிரமாதம். ஆனால் அந்த ‘மகர்’ இருக்கிறதே, அதற்கு ‘ஜி’ போட்டால் ஈடாகாது. ‘ஜி’ யாருக்கும் போடலாம். மகனுக்கு ‘ர்’ போடத்தான் தனிப் பேராசை வேண்டும்.

கே: அந்த பங்களா எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

ப: உங்களுக்குப் பக்கத்தில்தான், ஆழியாறு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிற வழி.

கே: இந்தக் காலக் குழந்தைகளுக்கு இது பிடிக்குமா?
– ஒரு வாசகி, கடலூர்

ப: என் பேத்திக்கு ஏழு வயது. போன பொங்கல் லீவில் போட்டுக் காட்டினேன். பாட்டுகளைத் தள்ளிவிடச் சொன்னாள். நாகேஷ் கதை சொல்லும் இடம் வந்தது. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தாத்தா, நீங்க ஏன் டி.வி.யைப் பாக்காம என்னையே பாக்கறீங்க?”