கவரேஜ் இல்லாத வேலியோரம் இருவரும் ஒரே கேற்றால் வெளியேறுவது எப்படி?

கேள்வி இது: முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரம் நீளும் யானை வேலி, இரண்டு பேர், போனுக்குக் கவரேஜ் இல்லை. கேற் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியாது.

வோக்கி டோக்கி இருந்தால் கவலையில்லை. ஆளுக்கொரு பக்கம் முழு வேகத்தில் போங்கள். கேற் 1 கிலோமீற்றரில் என்றால், செய்தி கேட்டு மற்றவர் 2 கிலோமீற்றர் திரும்பி வருவார். மணிக்கு 4.5 கிலோமீற்றர் நடையில் மொத்தம் 40 நிமிடம்.

வோக்கி இல்லாமல் இப்படிப் போனால் சிக்கல்: இருவருக்கும் ஒரே வேகம், கண்டவர் மற்றவரை எட்டிப்பிடிக்கவே முடியாது. ஆகவே தேடும்போது மூன்றிலொரு வேகம், அதாவது 1.5. நாற்பதாவது நிமிடம் கேற்றைக் கண்டவர் முழு வேகத்தில் துரத்துவார். இன்னும் 40 நிமிடத்தில், மறுபக்கம் 2 கிலோமீற்றரில் பிடிப்பார். சேர்ந்து திரும்ப 40. ஆக 2 மணித்தியாலம், 9 கிலோமீற்றர் நடக்கும் நேரம். பாதி வேகத்தில் தேடினால் 10 கிலோமீற்றர் நடக்கும் நேரம் ஆகும், கால் வேகத்தில் 9.33. மற்றவர் பொறுமையிழந்து நடையைக் கூட்டினால் கணக்கே குழம்பும்.

பிரியாமல் 1, 2, 4, 8 என்று இரட்டித்து இருபக்கமும் மாறி மாறித் தேடினாலும் மோசமான நிலையில் கேற்றுக்குள்ள தூரத்தின் ஏறக்குறைய அதே 9 மடங்குதான். ஆட்களைக் கூட்டியும் பயனில்லை: எல்லோருக்கும் ஒரே உச்ச வேகம், நேரில் கண்டால்தான் பேச்சு என்றால் 9 மடங்குக்குக் கீழே உத்தரவாதம் தர முடியாது என்று நிறுவியிருக்கிறார்கள். ரோபோக்களுக்கும் இதே கணக்குத்தான்.