இடுப்பில் துப்பாக்கி, கையில் காய்கறிக் கூடை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் பக்கம் குடியிருந்த காலத்தில், கைத்துப்பாக்கியை வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் கடைகண்ணிக்குப் போய்வந்தேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): கௌபாய் காலத்திலிருந்தே டெக்சாஸில் எல்லோரும் துப்பாக்கியோடுதான் திரிகிறார்களா?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். ஆனால் கௌபாய்கள் மாடு ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1871-ல், பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு நடமாடுவதை டெக்சாஸ் தடை செய்துவிட்டது, பயணிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நூறு வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. 1995-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கவர்னராக இருந்தபோதுதான், லைசென்ஸ் வாங்கினால் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. வெளியே தெரிய மாட்டிக்கொள்ள 2016 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸும் தேவையில்லை என்றாகிவிட்டது, வெளியே தெரிந்தால் உறைக்குள் இருக்கவேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. இதில் ஒரு கூத்து என்னவென்றால், கைத்துப்பாக்கிக்கு இத்தனை கெடுபிடி இருந்த காலத்திலும் நீளமான ரைஃபிளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடக்கத் தடை இல்லை.

கலிஃபோர்னியா கதை இதற்கு நேர்எதிர். அங்கே ஒரு காலத்தில் தோட்டா போட்ட துப்பாக்கியோடு வெளிப்படையாக நடக்கலாம். ஓக்லாந்தில், கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் அந்த உரிமையை வைத்துக்கொண்டு போலீஸ் வண்டிகளின் பின்னாலேயே போய்க் கண்காணிக்க ஆரம்பித்ததும், 1967-ல் அவசரமாகத் தடைச்சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரொனால்ட் ரீகன். பிற்பாடு துப்பாக்கி உரிமைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே ரீகன்தான்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): துப்பாக்கியோடு கடைக்குள் நுழைந்தால் ஜனங்கள் அலறி ஓட மாட்டார்களா? உண்மையில் என்னதான் நடக்கும்?

பதில்: ஒன்றுமே நடக்காது அம்மா. முதல் நாள் எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். வீட்டில் கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, நெஞ்சு படபடக்க மளிகைக் கடைக்குள் போகிறேன், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் போன் இருக்கிறது, வண்டியில் குழந்தை இருக்கிறது, தள்ளுபடி விலையில் கோழி இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் என்னிடம் அதைப் பற்றிப் பேசியவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் பாதிப் பேர் 'அந்த உறை எங்கே வாங்கினீர்கள்' என்று கேட்ட கிழவர்கள்.

ஆனால் மாட்டியிருக்கிறவனுக்கு அந்த நாள் வேறு நாள். என்னுடையது கிளாக் 19, தோட்டாக்களோடு முக்கால் கிலோவுக்கு மேல். சாதாரண பெல்ட் தாங்காது, பேன்ட் ஒரு பக்கம் இறங்கும், அரைஞாண் கயிறு அறுந்த பிள்ளை மாதிரி மேலே இழுத்துவிட்டுக்கொண்டே நடக்கவேண்டும். அதற்கென்று தடித்த பெல்ட் வாங்கினேன். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தால் இடிக்கும். கார் சீட் பெல்ட் போடும்போது மாட்டும். பொதுக் கழிப்பறையில் உட்காருவது எப்படி என்பதற்குத் தனிப்பாடமே உண்டு: எடுத்து மேலே எங்கேயாவது வைத்தால் மறந்துவிட்டு வந்துவிடுவோம், அப்படி விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய. ஆகவே உறையோடு பேன்டுக்குள்ளேயே இருக்கட்டும், கணுக்கால் பக்கம் கிடக்கட்டும் என்பார் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர். சிரித்தோம். அப்புறம்தான் புரிந்தது.

மறக்கமுடியாதது ஒன்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை, பில் போடும் வரிசை. எனக்குப் பின்னால் ஒரு தாய், தள்ளுவண்டியின் முன் இருக்கையில் இரண்டரை, மூன்று வயதுப் பெண் குழந்தை. என் இடுப்பும் அந்தக் குழந்தையின் கண்ணும் ஒரே உயரம். நான் கொத்தமல்லிக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன், வலது பக்கம் சட்டை லேசாக அசைகிற மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தால் ஒரு சின்ன விரல் உறையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறது, கையெல்லாம் பிஸ்கட் தூள். தாய் போனில் இருந்தார். என் உறை நல்ல உறைதான், கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் துப்பாக்கி வெளியே வரும், குழந்தையால் எடுக்கவே முடியாது. அதெல்லாம் மூளைக்குத் தெரியும். முழங்கையை அப்படியே ஒட்டி வைத்து, முழுசாகத் திரும்பி, துப்பாக்கி இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். பணம் கொடுத்ததும் மீதி வாங்கியதும் இடது கையால்தான். அன்றிலிருந்து எந்த வரிசையில் நின்றாலும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நிற்பேன். டல்லாஸை விட்டு வந்து இத்தனை நாளாகியும், இடுப்பில் ஒன்றும் இல்லாமலே அந்தப் பழக்கம் போகவில்லை.

கேள்வி (மதுரை வாசகர்): கையில் துப்பாக்கி இருந்தால் எவனும் நம்மிடம் வம்புக்கு வரமாட்டான் அல்லவா?

பதில்: தம்பி, கொஞ்சம் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். நாம்தான் எவனிடமும் வம்புக்குப் போகமுடியாது. பார்க்கிங்கில் பத்து நிமிடம் காத்திருந்த இடத்தில் ஒருவன் குறுக்கே வந்து வண்டியைச் செருகினான், இறங்கி விரலை வேறு காட்டினான். மதுரைக்காரர் நீங்கள், அந்த இடத்தில் வாயில் என்னவெல்லாம் வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனேன். ஏனென்றால் வாய்ச்சண்டையில் என் கை தற்செயலாக இடுப்புப் பக்கம் போனாலே, பிறர் மிரளும்படி ஆயுதத்தைக் காட்டினான் என்று வழக்குப் போட டெக்சாஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது. உறையில் இருக்கும்வரை அது என் உரிமை, கை அங்கே போனால் கதையே வேறு. என் வாழ்நாளில் நான் அதிகம் பொறுமையாக இருந்தது அந்த ஒன்றரை வருடம்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். 2014-ல் ஒரிகன் மாநிலம் கிரெஷம் ஊரில் ஒரு இளைஞர் புதுத் துப்பாக்கி வாங்கி வெளியே தெரிய மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார். ஒருவன் வந்து பேச்சுக் கொடுத்தான், தன் துப்பாக்கியை எடுத்து நீட்டினான், உன்னுடையது எனக்குப் பிடித்திருக்கிறது கொடு என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். வெளியே தெரிந்தால் திருடன் பயந்து ஒதுங்குவான் என்பவர்களும் உண்டு, அப்படி ஒதுங்கியவன் கணக்கில் வரமாட்டான் என்பதும் நியாயம்தான். எனக்கென்னவோ, கழுத்தில் பத்துப் பவுன் சங்கிலி போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரிதான் இருந்தது.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியுமா? கோயிலுக்குள்?

பதில்: முடியாது. ஒரு நாளைக்கு நாலு வேலை இருந்தால் நாலு தடவை கழற்றி மாட்டவேண்டும். பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி எல்லாம் கூடாது. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கிற மதுவிலிருந்து வருகிற கடை என்றால் வாசலில் சிவப்பில் பெரிதாக '51%' என்று பலகை இருக்கும், உள்ளே கூடாது. தபால் ஆபீஸ் மத்திய அரசுடையது, கட்டடத்தில் மட்டுமில்லை, அவர்கள் பார்க்கிங்கில்கூடக் கூடாது, பார்சல் போடப் போனால் தெருவில் நிறுத்திவிட்டுப் போவேன். மரண தண்டனை நிறைவேற்றும் நாளில் அந்த இடத்திலிருந்து 1000 அடிக்குள் வரக்கூடாது என்றுகூட ஒரு விதி இருக்கிறது. டெக்சாஸில் அது நடக்கிற ஊரான ஹன்ட்ஸ்வில் பக்கம் எனக்கு வேலை இல்லாததால் அதில் தப்பித்தேன்.

தனியார் கடைகள் கூடாதென்றால் 30.07 என்ற சட்டப்பிரிவு எண் போட்ட பலகை வைப்பார்கள். அது வெளியே தெரிய மாட்டியிருப்பவர்களுக்கு. 30.06 மறைத்து வைத்திருப்பவர்களுக்கு. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஒரு அங்குல உயரம் இருக்கவேண்டும், அதனால் பலகை கதவை விடப் பெரிதாகத் தெரியும். கோயில், சர்ச் எல்லாம் 2019 செப்டம்பரிலிருந்து மற்ற இடங்கள் மாதிரிதான், நிர்வாகம் வேண்டாம் என்றால் வேண்டாம். நான் போன கோயிலில் பலகை இருந்ததா என்று பார்க்கக்கூட இல்லை. செருப்பையே வெளியே விட்டுவிட்டுப் போகிற இடம், இதை எப்படி உள்ளே கொண்டுபோவது?

கேள்வி (சென்னை வாசகர்): நம் நிறத்தில் இருப்பவர்களைப் போலீஸ் எப்படி நடத்தும்?

பதில்: என்னை ஒரே ஒரு தடவை நிறுத்தினார்கள், பின்விளக்கு எரியவில்லை என்று. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, விரல்களை விரித்து, வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இடது பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்டேன். அந்த அதிகாரி சிரித்து, நீங்கள் உங்களுடையதைத் தொடாதீர்கள், நான் என்னுடையதைத் தொடமாட்டேன் என்றார். நல்லபடி பேசி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஏனென்றால் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற பெயர் எனக்குத் தெரியும். பள்ளி உணவகத்தில் வேலை பார்த்த கறுப்பர், மினசோட்டாக்காரர், 2016 ஜூலை 6 அன்று காரை நிறுத்திய அதிகாரியிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக அவராகவே சொன்னார். லைசென்ஸ் இருந்தது. சில நொடிகளில் அந்த அதிகாரி சுட்டார், காஸ்டீல் செத்துப்போனார். அதிகாரி மறு வருடம் விடுதலையானார். காஸ்டீல் சுடப்பட்டதற்கு மறுநாள், போலீஸ் கறுப்பர்களைச் சுடுவதை எதிர்த்து நடந்த டல்லாஸ் ஊர்வலத்தில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சட்டப்படி ரைஃபிள் மாட்டியிருந்த ஒரு கறுப்பரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே வெளியிட்டது, அவர் தானாகப் போய் ஒப்படைத்துக்கொண்டு, பிறகு விடப்பட்டார். ஒரே சட்டம், ஒரே உறை. ஆள் யார் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு விதமாகத் தெரிகிறது. இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையான பதில் இல்லை.

கேள்வி (சேலம், பெயர் வேண்டாம் என்றவர்): மகன் எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறான். லைசென்ஸே வேண்டாமாம், துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்கிறான்.

பதில்: இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பது மாநிலச் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பது மத்தியச் சட்டம், 15 வருடம் வரை சிறை இருக்கிறது, விசா கதை தனி. வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள், சட்டத்தில் அப்படி ஒன்று இருப்பதும் உண்மைதான், ஆனால் வக்கீலைக் கேட்காமல் நண்பன் பேச்சை நம்பி அதில் இறங்கவேண்டாம். நானே கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன்.

கேள்வி (ஈரோடு வாசகி): அப்புறம் ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ வால்மார்ட்டில் ஒருவன் 23 பேரைக் கொன்றான். அடுத்த வாரம் எப்போதும் போல மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மெக்சிகோக்கார அம்மா, கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த மாதம் வால்மார்ட் நிறுவனமே வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது, அதற்குள் நான் நிறுத்தியிருந்தேன்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்கும் பொட்டு வைத்தீர்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பக்கமும் காத்திருந்தேன். முதல் வருடம் நியாயமாக எடுத்துப்போய் நீட்டினேன். காருக்கு வைத்தாயிற்று, லேப்டாப்புக்கு வைத்தாயிற்று, மிக்சிக்கும் அரிவாள்மணைக்கும் வைத்தாயிற்று. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வருஷம் பூராவும் சோறு போட்டதுக்குத்தான் பொட்டு. இது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்க்ரூடிரைவருக்கு வைத்தார்.