பழைய அலுமினியப் படகுக்கு மாற்றுப் பாகம் தேடுவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏரிகளில் பனி உருகி, தார்ப்பாய்களைக் கழற்றிப் படகுகளைப் பார்க்கத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இத்தகைய கேள்விகள் மிகுதியாக வருகின்றன. மின்னசோட்டா, மிச்சிகன், ஒன்டாரியோ பகுதிகளிலிருந்து வந்தவற்றுள் ஆறினை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அனைத்தும் நன்னீரில் ஓடும், 12 முதல் 17 அடி நீளமுள்ள, ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்த பழைய படகுகளைப் பற்றியவை.

கேள்வி: 14 அடிப் படகின் வடிகால் அடைப்பான் தொலைந்துவிட்டது. துளையை அளந்தால் முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. அந்த அளவில் எந்தக் கடையிலும் அடைப்பான் கிடைக்கவில்லை. என்ன செய்வது? (மின்னசோட்டா)

பதில்: உங்கள் மாநிலத்தில் படகை வண்டியில் ஏற்றிச் செல்லும்போது அடைப்பானைக் கழற்றி நீரை வடித்திருக்க வேண்டும் என்பது சட்டம், வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவாமல் தடுப்பதற்கான நல்ல சட்டம் அது. ஒவ்வொரு முறையும் கழற்றுவதால், படகில் மிக எளிதாகத் தொலையும் பாகமும் இதுவாகவே இருக்கிறது.

முதலில் துளையின் உட்புறத்தில் மரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மரை இருந்தால், உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 1/2 அங்குலக் குழாய் மரை கொண்ட அடைப்பான்தான். அமெரிக்கக் குழாய் மரையின் பெயரில் உள்ள அளவு, அளவுகோலில் தெரியும் அளவு அன்று. அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் 0.84 அங்குலம், அதாவது 21.3 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 14 மரைகள். இதை அறியாமல் 7/8 அங்குல போல்ட்டைத் திருகி மரையைக் கெடுத்தவர்கள் பலர். குழாய் மரை நுனியை நோக்கிச் சற்றே கூம்பிச் செல்வதால், இறுக இறுக ஆப்பு போல் உட்கார்ந்து நீரை அடைக்கும்; ஆகவே கையால் இறுக்கிய பின் ஸ்பானரால் அரைச் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் மென்மையான அலுமினியம் விரிந்துவிடும்.

மரை இல்லாத வழவழப்பான குழாயாக இருந்தால், உள்விட்டம் பெரும்பாலும் 1 அங்குலம் இருக்கும். அதற்கு, நெம்புகோலை மடக்கினால் ரப்பர் விரிந்து அடைக்கும் வகை வேண்டும். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி, ஒன்றைப் படகிலேயே ஒரு சிறு சங்கிலியில் கட்டிவையுங்கள்.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். நன்னீரில் பித்தளை அடைப்பான் பல ஆண்டுகள் தொல்லையின்றி இருக்கும். உப்புநீரில் நைலான் அல்லது அலுமினியம்தான் வேண்டும். நானே ஒரு கோடையில், அவசரத்துக்குப் பித்தளை அடைப்பானைப் போட்டு ஒரு படகைக் கடலோரத்தில் மூன்று மாதம் நீரிலேயே விட்டுவைத்தேன். இலையுதிர் காலத்தில் கழற்றியபோது, அடைப்பான் புத்தம் புதிதாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த அலுமினியம் ஈரச் சுண்ணாம்பு போல் வெண்ணிறமாகி விரல் நகத்தோடு உதிர்ந்து வந்தது. ஐந்து டாலர் பாகத்தைக் காப்பாற்றத் தன்னைக் கரைத்துக்கொண்டது படகின் உடல்.

கேள்வி: படகில் தயாரிப்பாளர் பெயர் எங்குமே இல்லை. எந்தப் பாகம் பொருந்தும் என்று எப்படி அறிவது? (மிச்சிகன்)

பதில்: 1972 நவம்பர் 1 முதல் அமெரிக்காவில் கட்டப்பட்ட படகுகளில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட உடல் அடையாள எண் இருக்க வேண்டும். பின்புறப் பலகையின் வெளிப்பக்கத்தில், வலது மேல் மூலையில், பெயின்ட்டுக்கு அடியில் தேடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மங்கிய எழுத்துகளும் தெளிந்து வரும். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் இணையப் பட்டியலில் அவற்றைத் தேடலாம். 1984-க்கு முந்தைய படகுகள் சிலவற்றில் கடைசி நான்கு இடங்கள் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. கடைசி எழுத்து மாதம். இங்கே 'ஏ' என்றால் ஜனவரி அன்று, ஆகஸ்ட். எனவே 'எம்78டி' என்றால் 1978 மாடல், கட்டியது 1977 நவம்பர்.

1972-க்கு முந்தைய படகானால் கட்டுமானத்தைத்தான் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, போர் விமானங்கள் கட்டிய கிரம்மன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அலுமினியக் கனூக்களைத் தயாரிக்கத் தொடங்கி, 1952-இல் அந்தப் பணியை நியூயார்க் மாநிலத்தின் மாரத்தான் என்னும் ஊருக்கு மாற்றியது. இரு பாதிகளாக இழுத்து வடிவமைத்து நடுவில் இணைத்த உடலும், தலை வெளியே துருத்தாத விமான வகை ரிவெட்டுகளும் அவற்றை அடையாளம் காட்டும்.

கேள்வி: தரையில் ஏழெட்டு ரிவெட்டுகள் கசிகின்றன, இரண்டைக் காணவே இல்லை. வன்பொருள் கடையில் விற்கும் பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே பொருத்தும் வகை) போடலாமா? (ஒன்டாரியோ)

பதில்: சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே துளை உண்டு, அதன் வழியாகவே நீர் வரும். மேலும், பலவற்றில் உள்ளே உடைந்து நிற்கும் ஊசி இரும்பு. அது துருப்பிடித்து உதிர்ந்துவிடும். எனவே அது வேண்டாம்.

கசியும் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். படகை வண்டியில் வைத்துக்கொண்டே உள்ளே சிறிது நீர் ஊற்றி, வெளியே சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் மெழுகுக் கட்டியால் வட்டமிடுங்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத் தரையில் 10 சென்டிமீட்டர் நீர் என்றாலே 300 கிலோ. ஆகவே அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

தளர்ந்த ரிவெட்டுகளை எல்லாம் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க, வெளியே மற்றவர் தலையில் சுத்தியலால் அளவாக நான்கைந்து முறை தட்டினால், பெரும்பாலானவை மீண்டும் இறுகிவிடும். கட்டி சரியாகப் பிடிக்கப்பட்டிருந்தால் சுத்தியலின் ஒலி 'டொக்' என்பதிலிருந்து 'டிங்' என்று மாறுவதைக் காதே சொல்லும்.

காணாமற்போன இரண்டுக்கும் திண்ம அலுமினிய ரிவெட் வாங்குங்கள். இணையும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வேண்டிய நீளம் கிடைக்கும்; 3/16 அங்குல ரிவெட்டுக்கு, தகடுகள் சேர்ந்து 4 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். துளை நீள்வட்டமாகியிருந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள். இருக்கைக்கு அடியில் கை எட்டாத இடத்தில் மட்டும், முனை மூடிய, ஊசியும் அலுமினியமேயான பாப் ரிவெட்டைப் பயன்படுத்தலாம். எதுவாயினும் கடல்சார் பாலியுரேத்தேன் பசையில் தோய்த்துப் போடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கோன் வேண்டாம்; அந்த அமிலம் அலுமினியத்தை அரிக்கும், பின்னர் அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது.

கேள்வி: மோட்டார் மாட்டும் பின்பலகை மரம் இற்றுவிட்டது. கரையானும் அழுகலும் அண்டாது என்று பதப்படுத்திய மரத்தைப் போடச் சொல்கிறார்கள். (மிச்சிகன்)

பதில்: அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய மரங்களில் பெரும்பாலானவற்றில் செம்புச் சேர்மங்கள் ஊறியிருக்கின்றன. ஆர்செனிக் கலந்த பழைய வகை 2003 இறுதியில் அமெரிக்க வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பின், அதற்கு மாற்றாக வந்த வகைகளில் செம்பின் அளவு இன்னும் கூடியது. அந்த மரம் ஈரமானால், ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டைப் பின்புறமிருந்து, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும். மரம் அழுகாமல் நிற்கும், படகு அழுகிவிடும்.

பதப்படுத்தாத கடல்சார் பிளைவுட் அல்லது வெளிப்புறத் தரப் பிளைவுட் போதும். இத்தகைய படகுகள் பலவற்றில் 3/4 அங்குலப் பலகைகள் இரண்டை எபாக்சிப் பசையால் ஒட்டி 1 1/2 அங்குலம் ஆக்கியிருப்பார்கள். ஆனால் பழைய மரத்தை அளந்து முடிவு செய்யாதீர்கள். அது ஊறி உப்பியிருக்கும். அது செருகப்பட்டிருந்த அலுமினியக் காடியின் உள்ளகலத்தை அளங்கள். விளிம்புகளுக்கு மூன்று முறையேனும் எபாக்சி பூசுங்கள். போல்ட் துளைகளை வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, உலர்ந்த பின் சரியான அளவில் மீண்டும் துளையுங்கள். பழைய மரங்களை உடைத்துப் பார்த்தபோதெல்லாம் அழுகல் இந்தத் துளைகளிலிருந்தே தொடங்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பின்மூலையில் இருக்கும் வார்ப்பு அலுமினிய மூடி பிளந்துவிட்டது. தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை. பழையதையே அச்சாக வைத்து வார்க்கலாமா? (ஒன்டாரியோ)

பதில்: வார்க்கலாம், ஆனால் அலுமினியம் ஆறும்போது ஏறத்தாழ 1.3 விழுக்காடு சுருங்கும். 15 சென்டிமீட்டர் மூடி 2 மில்லிமீட்டர் குறைந்து, பழைய துளைகளோடு பொருந்தாது. பழைய மூடியின் விளிம்பில் மெழுகோ நிரப்புப் பசையோ ஏற்றி அதைச் சரிக்கட்ட வேண்டும். அந்த மூடி அழகுக்கு வைத்ததன்று. பக்கத் தகடு, மேல் விளிம்பு, பின்பலகை மூன்றையும் அதுதான் ஒன்றாகப் பிடித்திருக்கிறது. தகட்டை வளைத்து மாற்று செய்வதாயிருந்தால் 5052 என்னும் அலுமினியக் கலவை வகையைக் கேளுங்கள்; 6061-டி6 என்னும் வகையைக் கூர்மையாக வளைத்தால் மடிப்பில் வெடிக்கும். என் கருத்தில், பழைய படகுகளை உடைத்து விற்பவரிடம் அதே தொழிற்சாலையின் வேறொரு படகைத் தேடுவதே முதல் வழி.

கேள்வி: நீர் வெளியேற்றும் பம்பை நீர் மட்டம் உயரும்போது இயக்கும் பழைய மிதவை சுவிட்ச் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டிப் பயன்படுத்தலாமா? (மின்னசோட்டா)

பதில்: கூடாது, இன்றே கழற்றிவிடுங்கள். பழைய மிதவை சுவிட்சுகள் பலவற்றில் பாதரசம் இருந்தது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் பாதரசம் குலைத்துவிடும். ஒரு சிறு துளி கீறலில் தங்கினாலும் அந்த இடத்தில் தகடு தொடர்ந்து அரிக்கப்படும். கையுறை அணிந்து, சுவிட்சை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு, உங்கள் மாவட்டத்தின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள். புதிதாக வாங்கும்போது பாதரசம் இல்லாதது என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சுவிட்சைக் கழற்றிய கையோடு அது இருந்த படகின் அடிப்பள்ளத்தில் செம்பு நாணயம், ஈயத் தூண்டில் குண்டு எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தில் கிடந்தால் அவையும் தமக்கு அடியில் தகட்டைக் குழியாக்கும். 1982-க்கு முந்தைய அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் 95 விழுக்காடு செம்பு.