20 மாதப் பையன் இன்னும் பேசவில்லை, போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான். என்ன செய்யலாம்?

பையனுக்கு 20 மாதம், ‘அம்மா’ தவிர வேறு சொல் இல்லை, மூன்று வேளையும் போன், சாதத்தை மிக்ஸியில் அரைத்துத்தான் ஊட்டுகிறேன், வீட்டில் ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீடும் இப்படியேதான் இருந்தது. அதனால் பொதுவாகச் சொல்லாமல், எங்களுக்கு நடந்ததையே எழுதுகிறேன்.

முதல் வேலை, காது கேட்கிறதா என்று பரிசோதிப்பது. பிறந்தபோது எடுத்த டெஸ்ட் சரியாக இருந்தது என்று விட்டுவிடாதீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்கும் திறன் குறையும், வெளியே தெரியாது. கதவு சாத்தினால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். நாங்கள் முதலில் பார்த்த டாக்டர் ‘மூணு வயசு வரைக்கும் வெயிட் பண்ணலாம்’ என்றார். நானும் நாலு மாதம் சும்மா இருந்தேன். அந்த நாலு மாதம் எனக்கு இன்னமும் வலிக்கிறது. 18 மாதத்தில் சொல்லே இல்லை, அல்லது இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலும் அப்படித்தான். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதாக இருந்தாலும் அந்த வாரமே போங்கள்.

என் மகனுக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. பார்க்கக் கொழுகொழு என்றுதான் இருப்பான், யாரும் ரத்தசோகை என்று சொல்ல மாட்டார்கள். காரணம், பால். நாளுக்கு ஐந்து பாட்டில் குடித்துக்கொண்டிருந்தான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் அது தடுக்கும். வயிறு பாலால் நிறைந்துவிட்டால் பசி எங்கிருந்து வரும்? பசி இல்லாத பிள்ளைக்கு ஊட்ட போன் தேவைப்படுகிறது. போனைப் பார்க்கிற பிள்ளை நம் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் இதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. இது நம் வீட்டுக் குறை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூளை வேகமாக வளரும் வயதில் இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் கற்றலும் அடிபடும்.

டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதினார், பாலை அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார், அதுவும் டம்ளரில். சாப்பாட்டில் முட்டை, ஈரல், கேழ்வரகு, பருப்பு, முருங்கைக்கீரை, கூடவே புளிப்புக்கு எலுமிச்சையோ தக்காளியோ. வைட்டமின் சி இருந்தால் கீரை, தானியத்தில் உள்ள இரும்பு நன்றாக ஏறும். அத்தை ஆசையாகக் கொடுத்துவந்த ரெண்டு வாய் டீயையும் நிறுத்தினோம். டீ இரும்பை உடம்பில் சேர விடாது.

போனை நிறுத்திய முதல் மூன்று நாள் கஷ்டம், மறைக்க மாட்டேன். தட்டைத் தள்ளிவிட்டான், உருண்டு அழுதான், கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடவில்லை. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலாம் நாள் காலையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து அவனாகவே வாயில் போட்டான். அரை இட்லி. அந்த அரை இட்லிக்கு நான் பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அப்புறம் வழக்கம் மெதுவாக மாறியது. என்ன கொடுப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதை நான் முடிவு செய்தேன். எவ்வளவு போதும் என்பதை அவனிடம் விட்டேன். புதுப் பண்டத்தைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. சிலவற்றை எட்டு, பத்துத் தடவை தட்டில் பார்த்த பிறகுதான் தொட்டான். அழும்போது வாயைத் திறந்து திணிப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள், புரையேறும்.

மிக்ஸியையும் ஓரம் கட்டுங்கள். ஆறு மாதத்தில் கூழாகத் தொடங்கி, எட்டு, ஒன்பது மாதத்தில் கையால் மசித்த கட்டிச் சோறு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்று போக வேண்டியது. நாம் தாமதமாக ஆரம்பிப்பதால் படிப்படியாகப் போகலாம். கையால் நன்றாக மசித்த பருப்புச் சாதம், பிறகு குழைந்த சோறு, வேகவைத்த கேரட் துண்டு. முதலில் குமட்டுவான். குமட்டல் சத்தத்தோடு இருக்கும், முகம் சிவக்கும், இருமித் தானே வெளியே தள்ளிவிடுவான். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அழவும் முடியாது. அந்த வேறுபாட்டையும், அடைத்தால் முதுகில் தட்டி எடுக்கும் முறையையும் வீட்டில் ஊட்டுகிற எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் இந்த வயதில் வேண்டாம். உட்கார வைத்தே ஊட்டுங்கள். சாப்பிடும்போது ஒவ்வொரு முறையும் இருமல் வந்தாலோ எடை குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

‘நல்லா மென்னு தின்னா பேச்சு வந்துரும்’ என்று உங்களுக்கும் சொல்வார்கள். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மெல்வதால் பேச்சு வராது, சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் இருவரும் முகம் பார்த்து உட்காருவதால் வரும் என்றார். எங்களுக்கு உதவியது அதுதான்.

அவர் சொன்ன முதல் பயிற்சி இது. அவனுக்குப் பிடித்த முறுகல் தோசைத் துண்டுகளை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு அவன் முன்னால் வைக்க வேண்டும். அவன் திறக்கப் பார்ப்பான், முடியாது, டப்பாவை என் கையில் திணிப்பான். நான் உடனே திறக்கக் கூடாது. அவன் கண்ணைப் பார்த்து மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பிறகு ‘தெற’ என்று ஒரே சொல், உடனே திறந்து கொடுத்துவிட வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று அழவிடக் கூடாது. பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால் தெரியும். நான் அதுவரை இரண்டு நொடிகூட அவனுக்கு விட்டதில்லை. மூன்று வாரம் டப்பாவைத் தள்ளினான், என் விரலை இழுத்தான், அவ்வளவுதான். நாலாவது வாரத்தில் ஒரு நாள் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, ‘தெ’ என்றான். அரைச் சொல்தான். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று, கேள்வியைக் குறைக்கச் சொன்னார். ‘இது என்ன? காக்கா எங்கே? சொல்லு, சொல்லு’ என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக அவன் எதைப் பார்க்கிறானோ அதை நான் சொல்ல வேண்டும். அவன் ‘கா’ என்றால் ‘காக்கா பறக்குது’ என்று ஒரு சொல் கூட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு உங்களுக்குத் தெரியுமே, அதில் விரல் அக்குளுக்குப் போகும் முன் நிறுத்திக் காத்திருங்கள். மேலே செய்யச் சொல்லிப் பார்வையோ சத்தமோ வரும். அதுவும் பேச்சின் தொடக்கம்தான். ‘மம்மு’, ‘தாச்சி’, மாட்டுக்கு ‘மா’, இவையும் சொல் கணக்கில் சேரும். எனக்குப் பூஜ்யமாகத் தெரிந்த இடத்தில் தெரபிஸ்ட் நாலு எண்ணினார்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார்கள், வேண்டாம். அதில் உள்ள அசரோன் நச்சுப் பொருள். வீட்டில் தமிழ், வெளியே இன்னொரு மொழி என்பதாலும் பேச்சு தாமதமாகாது, தமிழை நிறுத்தாதீர்கள். ‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’, அதாவது திரை அதிகம் பார்ப்பதால் ஆட்டிசம் வரும் என்று வீடியோ பார்த்துப் பயந்து எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு நோயறிதல் மருத்துவத்தில் இல்லை. போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை, போனை நிறுத்துவதால் அது போய்விடுவதும் இல்லை. உண்மையாகவே ஆட்டிசம் என்றால் அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது உங்கள் பையனுக்கு நல்லது. போனை நிறுத்துவது வேறு காரணத்துக்கு, அவன் நம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு. ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதிலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று விசாரியுங்கள். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின் கீழ் வருவது. குழந்தை மருத்துவர், காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில், இலவசம். அங்கன்வாடியில் கேட்டாலும் வழி சொல்வார்கள். போகும் முன் ஒரு வாரம், அவன் சொல்லும் ஒவ்வொரு சத்தத்தையும், குடிக்கும் பாலின் அளவையும் நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும். ‘பெரா’ என்ற காது கேட்கும் திறன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் அதைப் பிள்ளை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிட சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவனுக்குப் பழகிய போர்வையையும் கொண்டுபோங்கள்.