சின்ன ஆபீசுக்கு நெட்வொர்க்: கேளுங்க, சொல்றேன்

மதுரையில 18 வருஷமா கேபிள் இழுக்கிறேன். 20 கம்ப்யூட்டர் வரைக்கும் உள்ள ஆபீஸ்னா கேளுங்க. சிசிடிவி, பிரிண்டர் மை எல்லாம் என்கிட்ட வேண்டாம்.

கீழமாசி வீதி: அண்ணே, கீழ மளிகை மொத்தக் கடை, மாடியில கணக்கு. 7 கம்ப்யூட்டர்லயும் டாலி கணக்கு சாப்ட்வேர் ஓடணும். வயரா, வைஃபையா?

இடம் நகராத கம்ப்யூட்டருக்கு வயர். போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை. உங்க பக்கம் பழைய காரைச் சுவர் நிறைய. வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரெண்டு சுவர் தாண்டுறதுக்குள்ள சோர்ந்துரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனா அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணுதான். அக்கம்பக்கத்துக் கடை அத்தனையும் அதுலதான் நிக்குது. எதிர்சேவை அன்னைக்குத் தல்லாகுளத்துல பைக் ஓட்டுற கதைதான்.

மாடியில 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச் (கம்ப்யூட்டர்களை வயரால ஒண்ணாச் சேர்க்கிற பெட்டி) ஒண்ணு வைங்க. எல்லா கேபிளும் அங்கிருந்தே நேராப் பிரியட்டும். சுவிட்சுக்குள்ள சுவிட்சு சொருகாதீங்க. கேட்6 ரகக் கேபிள் போதும். ஒவ்வொரு மேசைக்கும் ரெண்டு இழுங்க, கூலி பெருசா ஏறாது. டாலி சில்வர் லைசென்ஸ் ஒரே ஆளுக்குத்தான், உங்களுக்கு கோல்டு வேணும். டேட்டா இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஐபி (நெட்வொர்க்குல அதோட விலாசம்) மாறாம நிறுத்தி வைங்க. அதுக்கு யூபிஎஸ் போடுறவங்க சுவிட்சை மறந்துர்றாங்க, அதுக்கும் போடுங்க.

கேபிள் வாங்கும்போது சிசிஏ வேண்டவே வேண்டாம். செம்பு பூசின அலுமினியம் அது. பிளேடால கம்பியைச் சுரண்டுங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா 305 மீட்டர் பெட்டியை அப்படியே திருப்பிக் குடுத்துருங்க.

கப்பலூர்: ஆபீசுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல 140 மீட்டர் சார்.

செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்க, ரெண்டு முனையிலயும் செம்பு சிக்னலை ஒளியா மாத்துற மீடியா கன்வெர்ட்டர். இரும்புக் கவசம் இல்லாத ஃபைபரா கேட்டு வாங்குங்க. அப்பத்தான் ஒரு கட்டடத்துல விழுந்த இடி கேபிள் வழியா அடுத்த கட்டடத்துக்கு நடக்காது. ஒரு ஐப்பசியில ரெண்டு ஷெட்டுக்கு நடுவுல செம்பை இழுத்துட்டு, ரெண்டு சுவிட்சையும் கருக்கி, கூலியையும் விட்டுட்டு வந்தவன் நான்.

அண்ணா நகர்: 4 பேர்தான் சார். வைஃபை போதாதா?

மேல படிங்க.

திருமங்கலம்: நல்ல ரூட்டரா வாங்கி வைஃபையிலயே விட்டா?

அதே பதில்.

வில்லாபுரம்: கேபிள் இழுக்கிறவர் வயர்னுதானே சொல்வீங்க? எங்க ஆபீஸ்ல 3 வருஷமா டாலி வைஃபையிலதான் ஓடுது.

குத்து சரியாத்தான் விழுது. ஆனா ஒரு வைஃபை சேனல்ல பொதுவா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், மத்தவங்க காத்திருக்கணும். சுவிட்சுல அவங்கவங்களுக்குத் தனிப் பாதை. நம்பாட்டி, டேட்டா கம்ப்யூட்டருக்கு ஒரு பிங் (பதில் வருதான்னு தட்டிப் பாக்கிற கமாண்ட்) போட்டு மத்தியானம் வரைக்கும் ஓட விடுங்க.

வில்லாபுரம்: போட்டேன். 11 தடவை டைம் அவுட்.

அந்த நேரம் யாராவது வவுச்சர் சேவ் பண்ணிட்டு இருந்தா? டேட்டா கெட்டுப்போச்சுன்னு டாலியைத் திட்டுவீங்க.

வில்லாபுரம்: வாடகைக் கட்டடம்ணே. ஓனர் சுவத்துல ஆணியே அடிக்க விடமாட்டார்.

இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா! பிவிசி கேசிங்கை ரெட்டை ஒட்டு டேப்புல தரையோரமா ஒட்டி, உள்ள கேபிளை விடுங்க. காலி பண்ணும்போது உரிச்சு எடுத்துட்டுப் போங்க. சிசிஏ மட்டும் வேண்டாம்.

எல்லீஸ் நகர்: எல்லாரும் ஃபைல் வைக்கிற பெட்டி, நாஸ் இருக்கு. ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்ல வைக்கிற ரெய்டு போட்டிருக்கு. பேக்கப் தனியா வேணுமா சார்?

வேணும்மா. ரெய்டு, டிஸ்க் செத்தாத்தான் காப்பாத்தும். 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற வான்னக்ரை வைரஸ் வந்ததே, அது மாதிரி ஒண்ணு ஃபைலைப் பூட்டுச்சுன்னா ரெய்டுல இருக்கிற ரெண்டு டிஸ்க்லயும் பூட்டுதான் இருக்கும். காப்பி எடுத்ததும் கழட்டிப் பீரோவுல வைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்குங்க.

ஒத்தக்கடை: கரண்ட் பைப்புலயே கேபிளை விட்டுரலாம்னு எலக்ட்ரீசியன் சொல்றார்.

விடாதீங்க. தனிப் பைப். கரண்ட் லைனைக் கடக்க வேண்டிய இடத்துல நேர் குறுக்கா கடங்க.

மேலூர்: அண்ணே, 8 கேமராவுக்கு...

முதல் வரியைப் படிங்க தம்பி.